ஏழு ஒன்றுகளை வகுத்தவள்

போன வாரம் நம் எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி அந்த எண்ணை அனுப்பியிருந்தாள். ஏழு ஒன்றுகள், வரிசையாக. 1111111. பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. "இதை மீதியில்லாமல் வகுக்கும் எண் எது? மூளை உள்ளவர்கள் சொல்லவும்" என்று கீழே ஒரு வரி. எங்கிருந்தோ வந்ததை அப்படியே இங்கே தள்ளிவிட்டிருக்கிறாள். உடனே நீங்கள் எல்லாரும், நம் கணக்குப் புலி இருக்கும்போது என்ன கவலை என்று என்னைக் காட்டிக் கைதட்டும் படங்களாக அனுப்பித் தீர்த்துவிட்டீர்கள்.

நான் பதில் போடவில்லை. முட்டி வலியில் படுத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். முட்டி எப்போதும்போலத்தான் வலிக்கிறது. வெட்கத்தில்தான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அதே எண்ணுக்காக நீங்கள் எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை கைதட்டியிருக்கிறீர்கள். கள்ளக்குறிச்சியில், நம் பள்ளிக்கூடத்துப் பிரேயர் மைதானத்தில். இந்த வயதில் இன்னொரு தடவை அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

உங்களுக்கு அந்த மலைப்பெண்ணை ஞாபகம் இருக்கிறதா? கல்வராயன் மலையிலிருந்து வந்து ஆஸ்டலில் தங்கிப் படித்தாளே, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவளுக்குப் பெயர் இருந்தது. நாம் கூப்பிட்டதில்லை. நமக்கு அவள் 'மலை'. "ஏ மலை, தள்ளி உக்காரு", "மலை வந்துச்சா?" என்றுதான். வருகைப் பதிவில் டீச்சர் அவள் பெயரைப் படிக்கும்போது, யாரோ புதிதாக வந்திருக்கிறாள்போலத் திரும்பிப் பார்ப்போம். இங்கேயும் அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அன்றைக்குக் கூப்பிடாத வாய்க்கு இன்றைக்கு என்ன உரிமை?

அது எங்கள் ஆட்கள் இடஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்த வருஷம். மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள்தான் கணக்கு டீச்சர் கரும்பலகையில் ஏழு ஒன்று எழுதினார். இது பகா எண்ணா, இல்லை ஏதாவது ஒன்றால் வகுபடுமா என்று கேட்டார். கடலூரில் கணக்கு முகாம் நடக்கப்போகிறது, பள்ளிக்கு ஒருத்தி, இதற்கு யார் விடை கொண்டு வருகிறாளோ அவளைத்தான் அனுப்புவேன் என்றார். முகாமில் நன்றாகச் செய்கிறவர்களை அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்து, ஆஸ்டல் கொடுத்து, பன்னிரண்டு வரை படிக்க வைப்பார்களாம்.

நமக்கெல்லாம் கடலூர் என்றால் கடல். அவளுக்கு அப்படி இல்லை. அவளுடைய ஆஸ்டல் எட்டாவதோடு முடிகிறது.

"எட்டு முடிஞ்சா எங்கப்பா வந்து கூட்டிக்கினு போயிடும். எங்கக்காவையும் அப்படித்தான் கூட்டிக்கினு போச்சி. ஆடி முடிஞ்சதும் கல்யாணம்" என்றாள். ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

மறுநாள் பஸ் இல்லை. ஆஸ்டலில் அரிசியும் இல்லை, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று வார்டன் கதவைச் சாத்திவிட்டார். பஸ் இல்லாமல் அவள் எப்படி மலையேறுவாள்? வடக்கனந்தல் வரைக்கும் எங்கள் வீட்டுக்கு வா, அங்கிருந்து மலை பக்கம்தான் என்று நான்தான் கூட்டிக்கொண்டு நடந்தேன். ரோடு முழுக்கப் புளியமரங்கள் விழுந்து கிடந்தன. பச்சைப் புளிய மரத்தை அறுத்தால் வருமே ஒரு புளிப்பு வாடை, அது வழி நெடுக. அதோடு டயர் எரிந்த நாற்றம். விழுந்த கிளைகளில் ஏறிக் குதித்துப் போனோம். பையில் அவளுக்கு இரண்டு பாவாடை, ஒரு கணக்குப் புத்தகம்.

எங்கள் வீட்டில் அம்மாவும், அப்பாவின் அக்காவான அத்தையும்தான் இருந்தார்கள். அப்பா மறியலில் முன்னால் நிற்கிறவர். போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் எங்கள் கரும்புக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். "இந்த சமயத்துல வயசுப் பொண்ணு தனியா எப்பிடிம்மா மலையேறுவ? ரோடு தெறக்கற வரைக்கும் இங்கியே இரு" என்று அம்மா அவளை நிறுத்திக்கொண்டார். அம்மா நல்லவர். ஆனாலும் அவளுக்குச் சோறு தனியாக ஓர் அலுமினியத் தட்டில்தான். அந்தத் தட்டு கிணற்றடியில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அதை நான் அப்போது பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

முதல் நாள் சாப்பாட்டிலேயே சிக்கல் வந்தது. "இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டா?" என்று அம்மா கேட்ட உடனே அவள் தட்டை நீட்டி, "வெய்ங்க" என்றாள். வைத்தார். "கொழம்பு?" "ஊத்துங்க." ஊற்றினார்.

அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பந்திக்கு முந்துன்னு சொன்னவன் இதப் பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பான் போல. கேக்கறதுக்குள்ள தட்டு நீளுதே!" என்றார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்தாள்.

எனக்கு மானம் போனது. நான் கூட்டி வந்தவள் அல்லவா? சாப்பிட்டு முடித்ததும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"இன்னாடி நீ, கேட்ட உடனே நீட்ற? மொத வாட்டி கேட்டா வேணாங்கன்னு சொல்லணும்."

"எனக்குப் பசிக்குதே."

"பசிச்சாலும் வேணாங்கணும். அவங்க மறுபடியும் கேப்பாங்க. அப்ப வாங்கிக்க."

"வேணும்னா எதுக்கு வேணாங்கறது?"

"அதான்டி மரியாத."

அவள் யோசித்தாள். "எங்கூர்ல வேணாம்னா எடுத்து உள்ள வெச்சிருவாங்க" என்றாள்.

"இது உங்கூரு இல்ல. இங்க கண்டிப்பா ரெண்டாவது வாட்டி கேப்பாங்க" என்றேன். ஒரு கொட்டாங்கச்சியில் வேர்க்கடலை எடுத்து வந்து நான் அம்மாவாக நின்று, "கொஞ்சம் வெக்கட்டா?" என்றேன். "வேணாங்க" என்றாள். "அட, கொஞ்சம்தான்" என்றேன். உடனே இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு அப்படிச் சிரித்தாள். திரும்பத் திரும்ப விளையாடினோம், கடலை தீரும் வரை. அடுத்த வேளைச் சாப்பாட்டில் "வேணாங்க" என்று தலையைக் குனிந்து சொல்லி, அம்மா மறுபடி கேட்டதும் வாங்கிக்கொண்டாள். "பரவால்லியே, பழகிக்கிச்சி" என்றார் அத்தை. நான் என்னவோ பெரிய வித்தை கற்றுக்கொடுத்துவிட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கணக்குக்கு வருகிறேன். கடலை காயப்போடும் சிமெண்டுக் களம் காலியாகக் கிடந்தது. ஆளுக்கொரு செங்கல் துண்டை எடுத்துக்கொண்டு அதில்தான் வகுத்தோம். மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுகளை இறக்கி இறக்கி வகுப்பது. மீதி வந்தால் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முட்டி தேயத் தேய வகுத்துக்கொண்டே போனேன். சும்மாவா இன்றைக்கு வலிக்கிறது?

அவள் வேறு மாதிரி செய்தாள். ஏழு ஒன்றோடு நிற்காமல் எட்டாவது ஒன்று, ஒன்பதாவது ஒன்று என்று இறக்கிக்கொண்டே போனாள்.

"ஏழு ஒன்னுதான்டி டீச்சர் குடுத்தாங்க. இன்னாத்துக்கு இழுத்துக்கினு போற?"

"எத்தினி ஒன்னு வந்தா மீதி தீருதுன்னு பாக்கறன்."

களத்தின் ஓரமாக அவள் கணக்கு நீண்டது. பதினொன்றுக்கு இரண்டு ஒன்று வந்தால் தீர்கிறது. முப்பத்தேழுக்கு மூன்று. நாற்பத்தொன்றுக்கு ஐந்து. ஏழுக்கு ஆறு, பதின்மூன்றுக்கும் ஆறு. இதனால் என்ன லாபம் என்று நான் திரும்பியும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த என்னை வந்து பிடித்தாள்.

"இங்க வந்து பாரேன். நாப்பத்தொன்னு அஞ்சுல தீருது. நாப்பத்தொன்னுல ஒன்னு கம்மி பண்ணா நாப்பது. நாப்பதுல அஞ்சு சரியா போவுது. முப்பத்தேழுல ஒன்னு கம்மி பண்ணா முப்பத்தாறு. அதுல மூணு சரியா போவுது. எல்லாமே இப்பிடித்தான் இருக்குது. மூணு மட்டும்தான் அடங்க மாட்டேங்குது."

"அதனால?"

"காவ முற மாதிரி இருக்குதுடி" என்றாள். அவள் ஊரில் சாமை விளைந்தால் காட்டுப்பன்றி வரும். காவலுக்கு முறை போடுவார்கள். ஒரு தடவைக்கு இத்தனை வீடு என்று வைத்தால், எல்லா வீட்டுக்கும் சரியாகச் சுற்றி வர வேண்டும். மிச்சம் விழுந்தால் சண்டை. பூசாரி வீட்டுக்கு மட்டும் காவல் கிடையாது. "அந்த ஒரு வூட்டக் கழிச்சிட்டுத்தான் முற போடுவாங்க. இங்கியும் ஒன்னக் கழிச்சிட்டா சரியா வருது. அப்ப ஏழு ஒன்னுல தீரணும்னா, ஒன்னு கம்மி பண்ணா ஏழால போவற நம்பராத்தான் இருக்கணும். மத்ததெல்லாம் சும்மா."

எனக்குப் பாதிதான் புரிந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தொன்பது, மீதி. நாற்பத்து மூன்று, மீதி. எழுபத்தொன்று. நூற்றுப் பதின்மூன்று. இடையில் உள்ளதையெல்லாம் தொடவே இல்லை. நான் நூறைக்கூடத் தாண்டாமல் முக்கிக்கொண்டிருந்தபோது அவள் இருநூற்று முப்பத்தொன்பதுக்குப் போய்விட்டாள்.

"மீதி இல்ல" என்றாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். 239, அந்தப் பக்கம் 4649. இரண்டையும் பெருக்கினால் ஏழு ஒன்று வரிசையாக வந்து விழுகிறது. இரண்டு பேரும் களத்தைச் சுற்றி ஓடினோம். எங்கள் வீட்டில் தவிட்டுப் புறாக்கள் இருந்தன, எல்லாம் பறந்துவிட்டன. பிறகு அவள் மூச்சு வாங்க நின்று, "அப்ப நான் கடலூரு போலாமில்ல?" என்று கேட்டாள். "நீதான்டி போவ" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மத்தியானம் இரண்டு பேருமாக அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கரும்புக்குள் போனோம். விடை கிடைத்துவிட்டது என்று நான்தான் குதித்துக்கொண்டு சொன்னேன். அப்பா என்னை மட்டும் பார்த்து, "எம் பொண்ணு பொண்ணுதான்!" என்றார். "இவதாம்பா கண்டுபுடிச்சா" என்றேன். "கூட இருந்து எழுதிக் குடுத்துச்சா? நல்லது நல்லது" என்றார். அப்புறம் சாப்பிட்டுக்கொண்டே, தன்னோடு ஒளிந்திருந்தவர்களிடம் எப்போதும் சொல்வதைச் சொன்னார்: "அழுத புள்ளதான் பால் குடிக்கும். ஒரு வாட்டி கேட்டு குடுக்கலன்னா ஒம்போது வாட்டி கேக்கணும். ரோட்டுல படுத்துக் கேக்கணும். நமக்கு உண்டானத நாமதான் கேக்கணும்." மலைப்பெண் அதை வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்தது பிரேயர் மைதானம். அதைச் சொல்வதைத் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. கடலூரை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆமாம், நான்தான் போனேன். உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு கல்லூரிப் பேராசிரியர் ஒரு காலையில் பலகை நிறைய எழுதினார். பகா எண்ணில் ஒன்றைக் கழி, வரும் எண்ணில் இந்தச் சுற்று மிச்சமில்லாமல் அடங்கும் என்று. அதற்கு ஒரு வெள்ளைக்காரர் பெயர் இருந்தது, வந்து பல நூறு வருஷம் ஆகிறதாம். மூன்று ஏன் அடங்கவில்லை என்பதற்கும் காரணம் சொன்னார். எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதவில்லை. ஏன் என்று கேட்டார். இது எனக்குத் தெரியும் என்றேன். "வெரி குட், உங்க டீச்சர் நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த முகாமில் வாங்கிய சான்றிதழ் பிற்பாடு எனக்கு எங்கெல்லாமோ கதவு திறந்தது. கணக்கு டீச்சராகி, ஓய்வுக்குக் கிட்டே வந்துவிட்டேன். ஒரு தேர்தல் வேலைக்குக் கல்வராயன் மலையில் போட்டார்கள். ஓட்டுப் போட வந்த ஒரு அம்மாளிடம் அவளைப் பற்றி விசாரித்தேன். "அதுவா, அந்தாண்டப் பக்கம் கட்டிக் குடுத்தாங்க. பேரப்புள்ள எடுத்துருச்சி" என்றார். என்னைவிட அவள் மூத்தவள் இல்லை.

சரி, மைதானம்.

ரோடு திறந்து பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள். அப்பாவே எங்களைக் கூட்டி வந்தார். மறியல் முடிந்து வந்தவர் என்பதால் எல்லாரும் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். தலைமையாசிரியை அவரை மேடையில் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தன் பெண் போட்டது என்று அப்பா கொடுத்த விடையைக் கணக்கு டீச்சர் சரிபார்த்துவிட்டு வந்து, ஊரே ஸ்தம்பித்துக் கிடந்தபோது வீட்டில் உட்கார்ந்து இந்தப் பிள்ளை செய்த வேலையைப் பாருங்கள் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

நான் மைக்கில் சொன்னேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, சத்தமாகச் சொன்னேன். "நான் இல்லீங்க டீச்சர். அவதான் கண்டுபுடிச்சா. எல்லாம் அவதான்."

உங்களில் ஒருத்திகூட அதை நம்பவில்லை. உங்களைக் குறை சொல்ல முடியுமா? நம் பக்கம் வளர்த்த விதம் அப்படி. மாலையை நீட்டினால், எனக்கு எதற்கு, அவருக்குப் போடுங்கள் என்றுதானே சொல்ல வேண்டும்? நல்ல வீட்டுப் பெண் அப்படித்தானே பேசுவாள்? தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? தான் கஷ்டப்பட்டதையும் கூடப் படிக்கிற ஏழைப் பொண்ணுக்குத் தூக்கிக் குடுக்குது. இதாங்க வளர்ப்பு!" என்றார். நீங்கள் முதலில் தட்டியதைவிட இரண்டு மடங்கு தட்டினீர்கள். நான் "நெஜமாங்க டீச்சர்" என்றேன். இன்னும் தட்டினீர்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல அது என் தலையிலேயே பூவாக வந்து விழுந்தது.

கணக்கு டீச்சருக்கு மட்டும் லேசாகச் சந்தேகம். அவர் தலைமையாசிரியையின் காதில் என்னவோ சொன்னார். தலைமையாசிரியை வரிசையைப் பார்த்து மலைப்பெண்ணை மேடைக்கு வரச் சொன்னார். அவள் வந்தாள். எண்ணெய் இல்லாத தலை, என் பழைய ரிப்பன். வீட்டுக்கு வந்தவர்களிடம் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்போமே, அந்தக் குரலில் தலைமையாசிரியை கேட்டார்.

"நீ போறியாம்மா கடலூருக்கு?"

அவள் தலையைக் குனிந்தாள். எங்கள் வீட்டில் சாப்பாட்டின் முன்னால் குனிந்த அதே குனிதல். "வேணாங்க" என்றாள்.

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. அந்தக் கண்ணில் சிரிப்புகூட இருந்தது. கொட்டாங்கச்சிக் கடலைக்கு முன்னால் நின்ற சிரிப்பு.

"பாவம், வேணாங்குது" என்றார் தலைமையாசிரியை.

"டீச்சர், இன்னொரு வாட்டி கேளுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பா எட்டி என் தோளை அழுத்தினார். "அதான் வேணாங்குதே. மலையில இருக்கறதுங்களுக்கு ஊர உட்டுப் போவ பயம். கேட்டாச்சில்ல, உடு" என்றார். ஒன்பது தடவை கேட்கச் சொன்னவர்தான். ரோட்டில் படுத்துக் கேட்டவர்தான்.

தேசிய கீதம் பாடி முடித்து வரிசை வரிசையாக வகுப்புக்குப் போனீர்கள். அவள் மேடையிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டிரில் டீச்சர் வந்து, "இங்க இன்னா நிக்கற, கிளாசுக்குப் போ" என்று அனுப்பினார்.

மத்தியானம் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவும்போது பக்கத்தில் வந்து கேட்டாள்.

"மறுபடியும் எப்பக் கேப்பாங்க?"

எனக்குத் தெரியும், கேட்க மாட்டார்கள் என்று. அவளை யாரும் இரண்டாவது தடவை கேட்க மாட்டார்கள் என்று அந்த மேடையில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாளைக்குக் கேப்பாங்க" என்றேன்.

மறுநாள் பிரேயருக்கு அவள் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டாள். யாரிடமோ எண்ணெய் வாங்கித் தலையை வழித்துச் சீவி, ரிப்பனை இறுக்கிக் கட்டியிருந்தாள். மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். தலைமையாசிரியை காலாண்டுப் பரீட்சைத் தேதியைப் படித்தார். துணி துவைத்துப் போட்டு வாருங்கள் என்றார். கலையலாம் என்றார்.